கோழிக்குக் குளம்பு உண்டோ?

கடல் கடந்து கல்வி பயிலச் சென்ற இளைஞர்களின் அனுபவங்களை அன்பர்கள் பலமுறை படித்திருப்பீர்கள். பனி பொழியும் நகரில் புளிக்கு ஏங்கியவர், பாதாள ரயிலில் ஏறி வேறு திசையில் போய் இறங்கியவர், பன்றிக் கறியைக் கத்தரிக்காய் என்று எண்ணி உண்டவர் எனப் பல ரகத்தினர் எழுதியாயிற்று. நாங்கள் மூவர் எழுதப்போகும் பயணத்தில் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. மார்டள்ளியில் பேருந்து ஏறி மைசூரில் இறங்கினோம், அவ்வளவே. ஆயினும் வேற்று நாடு சென்று படித்தவர் அடைந்த சங்கடங்களில் ஒன்றையேனும் நாங்கள் அடையாமல் விட்டதாக நினைவில்லை.

மார்டள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்கும் அன்பர்களுக்காகச் சில வரிகள். மாதேசுவர மலைக்கு அருகில், காடும் மேடுமான நிலத்தில், கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஊர் அது. ஊர்ப் பேச்சு தமிழ். எங்கள் பாட்டனார்களின் இளமையில் கொள்ளேகால் வட்டம் முழுவதும் சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது அவ்வட்டம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. ஊரில் ஒருவரும் ஒரு முழம்கூட நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. இங்ஙனம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அயல் மாநிலம் போய்ச் சேர்ந்த பெருமை எங்கள் முன்னோருக்கு உண்டு. மைசூர் மாநிலம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் மாறிற்று. 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊர் அதனுள் போயிற்று. நாங்கள் கல்லூரிக்குப் போன காலத்தில் மைசூர் மாவட்டமே எங்கள் மாவட்டம்.

பாட்டனார் தமிழ் படித்தவர். தந்தையார் கன்னடம் படித்தார். நாங்களும் கன்னடமே படித்தோம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கோயிலில் இரண்டும் என்று காலம் ஓடிற்று. தமிழில் எங்களுக்கு வாய் இருந்தது, கண் இல்லை. இக்குறையை அப்பொழுது நாங்கள் ஒரு குறையாகவே கருதவில்லை என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

1990 ஜூன் மாதத்தில் ஒரு நாள் பொழுது புலருமுன் புறப்பட்டோம். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. மூவருக்கும் பொதுவாக ஒரு மூட்டை கேழ்வரகு மாவு. மூத்தவருடைய தாயார் பேருந்து புறப்படும்வரை படியை விட்டு இறங்கவில்லை. "மைசூரில் ராகி கிடைக்குமோ கிடைக்காதோ" என்பது அவர் கவலை. ராகி உருண்டையே மைசூர்ச் சீமையின் உயிர் என்பதை அவருக்கு எடுத்துரைக்க எங்களுக்கே அப்பொழுது தெரியாது. நாம் களி என்பதை அவர்கள் 'முத்தெ' என்கிறார்கள்; இரண்டையும் மெல்லாமல் விழுங்கவேண்டும் என்பதில் வேற்றுமை இல்லை. ஹனூரும் கொள்ளேகாலும் கடந்து, நரசீபுரத்தில் காவிரியும் கபினியும் கூடுமிடத்தைப் பார்த்துக்கொண்டே மைசூர் சேர்ந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. மாவு மூட்டை வழியில் பிரிந்து, எங்களுள் இளையவர் தலைமுதல் கால்வரை திருநீறு பூசியவர்போல இறங்கினார். மாதேசுவர மலையிலிருந்து சாமியார் ஒருவர் வந்திருப்பதாக எண்ணிக் கிழவி ஒருத்தி அவரைக் கும்பிட்டாள். அவரும் கைதூக்கி ஆசி கூறிவிட்டார்.

நாங்கள் தங்கிய வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள். வீட்டுக்கார அம்மாள் கன்னடத்தவர், கைம்பெண், கீழ்க்கட்டில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களுக்குச் சமைத்துப் போடுவார். எங்கள் கன்னடத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றிற்று. பள்ளிப் பாடப் புத்தகத்தில் அரசர்கள் அமைச்சர்களோடு பேசும் கன்னடத்தில் நாங்கள் அவரிடம் வாடகை கேட்டிருக்கிறோம்! எங்களைப் பல நாள் 'மந்திரிகளே' என்றே அழைத்தார்.

நிற்க. எங்கள் கதையில் நகைச்சுவைக்குப் பெரும்பங்கு அளித்தவர் பக்கத்து அறைக்கு வந்துசேர்ந்த சேலத்து நண்பர். அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் உண்டு. கன்னடம் அறவே இல்லை. கன்னடமும் தமிழும் அக்காள் தங்கை என்று யாரோ அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "கொஞ்சம் கூர்ந்து கேட்டால் புரிந்துவிடும்" என்பது அவர் கொள்கை. கூர்ந்து கேட்டதனால்தான் அவருக்கு அத்தனை துன்பமும் வந்தது.

முதல் நாள் மதியம் அம்மாள் அவரை நோக்கி, "பன்னி, ஊட்ட மாடி" என்று அன்போடு அழைத்தார். 'வாருங்கள், சாப்பிடுங்கள்' என்பது அதன் பொருள். நண்பர் முகம் சிவந்தது. முதற் சொல்லைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போனார். சாப்பாடு மாடியில்தான் பரிமாறப்படும் என்று வெயிலில் அரைமணி நேரம் சம்மணமிட்டுக் காத்திருந்திருக்கிறார். மறுநாள் நெய்க் கிண்ணத்தோடு வந்த அம்மாள், "துப்பா பேக்கா?" என்றார். நெய்க்குக் கன்னடத்தில் 'துப்பா' என்று பெயர். வாயில் இருப்பதைத் துப்பச் சொல்கிறார் என்று எண்ணிய நண்பர் கலவரமடைந்து, இருந்ததை அவசரமாக விழுங்கினார். காலைச் சிற்றுண்டிக்கு 'அக்கி ரொட்டி' என்று கேட்டதும் எழுந்தே போய்விட்டார்; அரிசிக்கு அங்கே 'அக்கி' என்று பெயர் என்பதை நாங்கள் விளக்கி, உடம்பில் கொப்புளிக்கும் அக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சத்தியம் செய்தபிறகே ரொட்டியைத் தொட்டார்.

மைசூரின் ஆடி மாதக் குளிர் அன்பர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். குளிக்கத் 'தண்ணீர்' வேண்டும் என்று நண்பர் நாள்தோறும் கேட்பார். அம்மாளும் தவறாமல் கிணற்று நீரைச் சேந்தி வைப்பார். தமிழில் தண்ணீர் எல்லா நீருக்கும் பொதுவாகிவிட்டது; கன்னடத்திலோ அது இன்றும் குளிர்ந்த நீரையே குறிக்கும். சூடான நீர் வேண்டுவோர் 'பிசிநீரு' என்று கேட்கவேண்டும். இதை அவருக்குச் சொல்லாமல் நாங்கள் மூன்று வாரம் மௌனம் சாதித்தது பாவந்தான். அவர் பற்கள் கிடுகிடுக்கும் ஓசை மாடிவரை கேட்கும். "இந்தச் சனங்கள் இரும்பாலானவர்கள்" என்று அவர் தம் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தாராம்.

தசராவுக்கு நகரம் நிறைந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள் ஒரே கணத்தில் எரிந்து அரண்மனை பொன்னாகி நின்ற காட்சியை வருணிக்க எங்களால் ஆகாது. 1912-இல் கட்டி முடிந்த அவ்வரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின் என்பவரே சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தையும் முடித்துக் கொடுத்தவர் என்று பிற்பாடு அறிந்தோம். ஜம்பூ சவாரியன்று, 750 கிலோ எடையுள்ள தங்க அம்பாரியில் சாமுண்டீசுவரி பவனி வரும் நெரிசலில், சேலத்து நண்பரைத் தொலைத்துவிட்டோம். "ஏ சேலம்! சேலம்!" என்று உரக்கக் கூவினோம். பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தனர். அத்தனைபேரும் சேலத்தவரா, அல்லது தமிழோசை கேட்டுத் திரும்பியவரா, அறியோம். எங்கள் நண்பர் மட்டும் திரும்பவில்லை. அவர் வீட்டுக்குப் போய், மாடியில் உட்கார்ந்து, யானையை அங்கிருந்தே பார்த்துவிட்டார்.

ஆண்டுத் தேர்வு முடிந்த 1991 ஏப்ரலில் அந்நண்பர் எங்களைத் தம் ஊருக்கு அழைத்தார். மாதேசுவர மலையிலிருந்து பாலாற்றைக் கடந்து மேட்டூர் போகும் வழியை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். வீரப்பன் அக்காடுகளில் நடமாடிக்கொண்டிருந்த காலம் அது. எல்லைக்கு இப்புறம் பேருந்தில் ஏறிய காவலர், எங்கள் பேச்சைக் கேட்டு, "தமிழரா?" என்றார். எல்லைக்கு அப்புறம் ஏறிய காவலர் எங்கள் பெட்டியின்மேல் எழுதியிருந்த பெயரைப் பார்த்து, "கன்னடக்காரங்களா?" என்றார். இரண்டு கேள்விக்கும் 'ஆம்' என்று சொல்லிவிட்டோம். இரண்டும் உண்மைதானே.

மேட்டூர்ப் பேருந்து நிலையத்தில்தான் எங்கள் கர்வம் உடைந்தது. வரிசையாக வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஊர்ப்பெயர் தெளிவாக எழுதியிருந்தது, தமிழில். எங்களுக்கு அது கோலமாகத் தோன்றிற்று. எங்களுள் மூத்தவர் பூக்கூடையோடு நின்ற அம்மையாரை அணுகி, "அம்மா, இந்த வண்டி எங்கே போகுது?" என்று கேட்டார்.

"மேலேதான் எழுதியிருக்கே தம்பி. படிக்கலியா?"

"காலேஜிலே படிக்கிறோம், அம்மா."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "காலேஜிலே படிக்கிற பிள்ளைங்களாம், போர்டு படிக்கத் தெரியலையாம்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். அதில் ஏளனம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. அதனாலேயே அது உள்ளே போய்த் தைத்தது. 'சேலம்' என்ற மூன்றெழுத்தைச் சுட்டிக்காட்டி அவரே எங்களை வண்டியில் ஏற்றிவிட்டார். வழிநெடுகக் கடைப் பலகைகள் ஓடின. தாய்மொழி பேசும் நாட்டில் குருடர்போல் போனோம்.

சேலத்தில் வேறொரு சோதனை காத்திருந்தது. நண்பரின் தாயார் விருந்து படைத்தார். கீரைப் பொரியல் மிக நன்றாக இருந்தது. எங்களுள் இளையவர் பரவசத்தில், "அம்மா, சொப்பு ரொம்ப ருசி, இன்னும் கொஞ்சம் சொப்பு போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். கன்னடத்தில் கீரைக்குச் 'சொப்பு' என்று பெயர். எங்கள் ஊர்த் தமிழில் அது எப்பொழுதோ புகுந்து குடியேறிவிட்டது. அந்த அம்மையார் திகைத்து நின்று, பிறகு மெல்லக் குளியலறைப் பக்கம் பார்த்தார். சேலத்து நண்பர் தரையில் புரண்டு சிரித்தார். மூன்று வாரத் தண்ணீருக்கு அவர் வட்டியோடு வசூல் செய்துவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

ஜூனில் மைசூர் திரும்பியதும் அசோகபுரத்தில் ஒரு பெரியவரைத் தேடிப் போனோம். ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற தமிழர். தம் பேத்திக்கு மாலையில் தமிழ் எழுத்துக் கற்பித்து வந்தார். "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், ஐயா" என்று நின்றோம். மீசை முளைத்த மூவரையும் ஐந்து வயதுப் பேத்தியின் பின்னால் உட்காரவைத்தார். அச்சிறுமி எங்களுக்கு முன்பே உயிர்மெய் முடித்துவிட்டு, எங்கள் பலகையைத் திருத்தும் உத்தியோகத்தைத் தானே ஏற்றுக்கொண்டாள். 'ஔ' எழுத வராத மூத்தவரின் தலையில் அவள் குட்டிய குட்டு அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மூத்தவருக்கு அவர் தாயார் அனுப்பும் கடிதங்கள் தமிழ்ப் பேச்சாகவே இருக்கும். ஆனால் கன்னட எழுத்தில் இருக்கும். தாயார் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பள்ளிச் சிறுவன் எழுதுவான். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விந்தை அன்று. மைசூர்ச் சீமையின் ஐயங்கார் குடும்பங்கள் பல ஆழ்வார் பாசுரங்களைக் கன்னட எழுத்திலேயே அச்சிட்டு ஓதிவருகின்றன. ஒருநாள் பெரியவர் அக்கடிதத்தைத் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதச் சொன்னார். மூத்தவர் எழுத்துக்கூட்டி எழுதி நீட்டினார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்: "ஞாயிற்றுக்கிளமை கோளிக் குளம்பு வைத்தோம். உன் நினைவு வந்து எனக்கு இறங்கவில்லை."

"தம்பி, கோழிக்குக் குளம்பு உண்டோ?" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் காலில் இருப்பது குளம்பு; சட்டியில் கொதிப்பது குழம்பு என்று அவர் விளக்கியபோதுதான் 'ழ' என்னும் எழுத்தோடு எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. இன்றைய கன்னட நெடுங்கணக்கில் ழகரமும் வல்லின றகரமும் இல்லை. முற்காலக் கன்னடத்தில் இரண்டும் இருந்தன; பிறகு வழக்கொழிந்தன. ஆகவே கறியும் கரியும் கடிதத்தில் ஒன்றாகவே வரும். "மாமா வந்திருந்தார், கரி வாங்கினோம்" என்று படித்து, வீட்டில் விறகுக்குப் பஞ்சம் வந்துவிட்டதோ என்று மூத்தவர் கவலைப்பட்ட கதையையும் அப்பொழுது சொன்னார்.

பெரியவர் ரயில்வேக்காரராயினும் மொழியில் ஆசை மிக்கவர். நம் பால் அவர்களுக்கு ஹாலு, நம் புலி ஹுலி, நம் பத்து ஹத்து, நம் பள்ளி ஹள்ளி, பழைய கன்னடத்தில் பகரமாக இருந்ததே நாளடைவில் ஹகரமாயிற்று என்று சொல்லி, "ஹொகேனக்கல் என்றால் என்ன?" என்பார். 'ஹொகெ' புகை, 'கல்' கல், புகைக்கல்! தமிழ் வீட்டுப் பிள்ளைகள் கன்னடத்துக்குச் செய்த தொண்டைப் பேசத் தொடங்கினால் அவருக்கு இரவாகிவிடும். மாஸ்தி வேங்கடேச ஐயங்காரின் வீட்டுமொழி தமிழ். கன்னடத்தில் எழுதிப் புகழ் ஈட்டி 1983-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைப் பெற்றார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கைலாசம் இலண்டனுக்குப் போய் மண்ணியல் கற்றார். கற்றதைவிட நாடகக் கொட்டகைகளில் கண்டதே மிகுதி போலும். திரும்பிவந்து கன்னட நாட்டைத் தம் நாடகங்களால் குலுங்கச் சிரிக்கவைத்தார். எங்களிடம் பெரியவர் முதன்முதலில் கொடுத்த தமிழ்ப் புத்தகம் ஏ. கே. செட்டியாருடைய பயண நூல். கோட்டையூரில் பிறந்து, புகைப்படக் கலை பயிலத் தோக்கியோவுக்கும் பின்னர் நியூயார்க்குக்கும் மாணவராகச் சென்ற அவருடைய நூலை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. செட்டியார் அதற்குள் பாதி உலகைச் சுற்றியிருப்பார்.

அவ்வாண்டு முடிவில் சிரிப்பு நின்றது. காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-இல் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் விடவேண்டும் என இடைக்கால ஆணை பிறப்பித்திருந்தது. டிசம்பர் 11-இல் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரிலும் கர்நாடகத்தின் தென்பகுதியிலும் தமிழருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. உடைமைகளை விட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பலர் எல்லை தாண்டி ஓடினர். ஊரிலிருந்து எங்களுக்குச் செய்தி இல்லை. எங்களிடமிருந்து ஊருக்கும் இல்லை.

வீட்டுக்கார அம்மாள் வாசற்கதவைச் சாத்தினார். நாங்கள் மூவரும் கன்னடத்தில் மட்டுமே பேசவேண்டும். சேலத்து நண்பர் பேசவே கூடாது. யார் வந்தாலும் அவர் பிறவி ஊமை. இது கட்டளை. ஒன்றரை ஆண்டில் நண்பர் கற்றிருந்த கன்னடம் உயிர்காக்கப் போதாது என்பது அம்மாளின் தீர்ப்பு. ஒருநாள் மாலை தெருவில் சிலர் வந்து நின்று, மாடியில் இருப்பவர்கள் யார் என்று விசாரித்தனர். அம்மாள் வாசற்படியைவிட்டு இறங்காமல், "இவரு நம்ம ஹுடுகரு" என்றார். நம்ம பையன்கள். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று அதைக் கேட்டோம். வந்தவர்கள் போய்விட்டனர்.

பகலில் ஊமையாக இருந்துவிடலாம், இரவில் எப்படி? நண்பருக்கு உறக்கத்தில் பேசும் வழக்கம் உண்டு. முதல் இரவு, "அம்மா, இன்னொரு தோசை" என்று கூவிவிட்டார். காலையில் நடுநடுங்கி அம்மாளிடம் சொன்னோம். அவர் சற்று யோசித்து, அம்மாவும் தோசையும் இரண்டு பாஷைக்கும் பொது, அதில் குற்றம் இல்லை என்றார். மறு இரவோ நண்பர் தெளிந்த சேலத்துத் தமிழில் "மழை வருதுடா, துணியை எடு" என்றார். அம்மாள் எழுந்துபோய் வானொலியை உரக்க வைத்தார். ஒலிபரப்பு முடிந்தபிறகு வெறும் இரைச்சலையே ஓடவிட்டார். அடுத்து வந்த இரவுகளில் அவ்வீட்டில் அந்த இரைச்சல் நிற்கவில்லை, அம்மாளும் உறங்கவில்லை.

தெரு அமைதியானபின் மூத்தவர் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தமிழ் எழுத்தில். நலமாக இருக்கிறோம், வீட்டுக்கார அம்மாள் காத்தார் என்று நான்கு வரி. கடைசி வரியில் குழம்பை மறக்கவில்லை என்பதும் சேர்த்து. பெரியவரின் பேத்தி ஒரே ஒரு பிழை திருத்தினாள்.

அக்கடிதம் மார்டள்ளியில் பெருங்குழப்பத்தை விளைவித்தது என்று பிறகு அறிந்தோம். தாயாருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுச் சிறுவன் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இது தன் எழுத்து அன்று என்று கைவிரித்தான். மகனுக்கு என்ன நேர்ந்ததோ என்று தாயார் அழத் தொடங்கினார். அப்பொழுது கயிற்றுக் கட்டிலில் கிடந்த பாட்டனார், "இங்கே கொடு" என்றாராம். 1956-க்குப் பின் எழுத்துமூலம் யாரும் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. கண்ணாடி தேடி எடுக்கப்பட்டது. வெளிச்சத்துக்காகக் கட்டில் முற்றத்துக்கு வந்தது. அவர் முதலில் மனத்துக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். தாயார் கேட்க மறுபடியும் படித்தார். அன்று மாலை வந்துபோனவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாராம்.

பத்து நாளில் பதில் வந்தது. வழக்கம்போலச் சிறுவனின் கன்னட எழுத்து. இனித் தமிழிலேயே எழுதவேண்டும் என்று தாத்தா சொல்வதாகவும், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடவேண்டும் என்றும், பண்டிகைக்கு வரும்போது சேலத்துப் பிள்ளையையும் அழைத்துவரவேண்டும் என்றும், கோளிக் குளம்பு வைத்துத் தருவதாகவும் எழுதியிருந்தது.